குட்டிகள் எடுக்காத குணம்

நாய்களைக் கலந்து குட்டி எடுக்கும்போது, எந்தக் குட்டியும் எடுத்துக்கொள்ளாத குணம் வீணாகப் போவதில்லை. குட்டிகள் கண் திறக்கும் நாளில் அது தாயைவிட்டு இறங்கி, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள்மேல் தங்கிவிடும். சாத்தூரில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால் கண் திறக்கும் நாளில் பூங்கனியின் வீட்டுக்குச் சும்மா பேசிவிட்டுப் போக யாரும் வருவதில்லை. ஏதாவது வேண்டும் என்பவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

நாய் கலந்து கொடுப்பதில் பூங்கனிக்கு நல்ல பெயர். அவள் தொடங்கியது ஒரு பக் நாயில். எதிர்வீட்டுப் பக் நாய் வாசல்படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கியது. அதைப் பார்க்கச் சகிக்காமல், ஏடிஎம் வாசலில் படுத்திருந்த தெருநாயோடு அதைச் சேர்த்துவைத்தாள். பிறந்த குட்டிகளுக்கு மூக்கு இருந்தது. அவை மூச்சு விடுவதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்து நின்றார்கள். குட்டிகள் வேண்டாமென்று விட்ட இரைப்பு, நாய்க்கொட்டகையில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அவள் கணவர் தவசிமுத்துவிடம் போய்ச் சேர்ந்தது. அவர் முப்பது வருஷம் வடக்கே தீப்பெட்டி லோடு ஏற்றிப்போன லாரி டிரைவர். இஞ்சின் சத்தத்தில் தூங்கிப் பழகியவருக்குத் தன் குறட்டை வண்டி ஓடுவது போலவே இருந்தது. நன்றாகத் தூங்கினார்.

பூங்கனி செய்வது தப்பு என்று சொன்னவர்களும் உண்டு. சுத்த இனம் வளர்க்கும் சங்கத்திலிருந்து ஒருவர் வெள்ளை ராஜபாளையம் நாயைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"இப்படிக் கண்டதையும் கண்டதையும் கிராஸ் போட்டா நம்ம நாட்டு இனம் என்னாகும்? ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு அண்ணாச்சி. சுத்தமா இருக்கணும்னு சொந்தத்துக்குள்ளேயே சேத்துச் சேத்து, உங்க குட்டிக பாதிக்குக் காது கேக்கலையே, அதுக்கு என்ன செய்ய?"

"அது சுத்தத்துக்கு அடையாளம்" என்றார் அவர். அவரோடு வந்திருந்த நாய்க்கு இந்தப் பேச்சு எதுவும் காதில் விழவில்லை.

கலக்கும் முறை சிக்கலானது அல்ல. தாய் நாயின் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவியபடி, எது எது வேண்டாம் என்று காதில் சொன்னால் போதும். மிச்சத்தைத் தாய் பார்த்துக்கொள்ளும். மிஞ்சிய குணத்தை வைத்திருப்பவர், மனமொப்பி அடுத்தவர் தலையில் கையை வைத்தால் அது மாறிப்போகும். மனமில்லை என்றால் போகாது. தெருவில் பலருக்கு இப்படி ஏதாவது கிடைத்திருந்தது. தபால் கொண்டுவரும் பெண்ணிடம் சிப்பிப்பாறை நாயின் ஓட்டம் இருந்தது. மத்தியானத்துக்குள் வேலையை முடித்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டை இரண்டு சுற்று சும்மா சுற்றிவருவாள். பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி முருங்கைப் போத்து நடுவதற்காக டாஷ்ஹவுண்டின் தோண்டும் குணத்தை இரவலாக வாங்கிப் போனாள். நட்டு முடித்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. கேட்டால் வாழையும் வைக்கப்போவதாகச் சொன்னாள்.

இப்படி இருக்கும்போதுதான் அரியநாயகம் வந்தார். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லோகநாயகியும் கூட வந்திருந்தார். வருஷத்தில் பாதியை ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டில் கழிப்பார்கள். போன தடவை போனபோது அவர்கள் வளர்த்த நாய் வாசல் கேட்டருகே உட்கார்ந்தது, உட்கார்ந்ததுதான். பால்காரம்மா வைத்த சோற்றை அது திரும்பியும் பார்க்கவில்லை. இவர்கள் திரும்பி வருவதற்குள் செத்துப்போயிற்று.

"எங்களுக்கு நாய் வேணும்" என்றார் அரியநாயகம். "ஆனா எங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. நாங்க போனா அது பாட்டுக்குச் சாப்பிட்டு, அது பாட்டுக்குத் தூங்கணும். இன்னொரு உசிரை அப்படி வாட்ட எங்களுக்குத் தெம்பு இல்லை."

லோகநாயகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூங்கனிக்கு இது நியாயமாகவே பட்டது. இரைப்பை எடுத்ததுபோல ஏக்கத்தையும் எடுத்துவிட்டால் நாய்க்கு நல்லதுதானே என்று நினைத்தாள்.

அவளிடம் சீமாட்டி என்று கன்னி இனத்து நாய் ஒன்று இருந்தது. கறுப்பு உடம்பு, மெலிந்த கால், கூச்ச சுபாவம். மிட்டாய்க் கடைக்காரர் வீட்டில் பூந்தி என்று ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ் இருந்தது. இரண்டையும் சேர்த்தாள். சீமாட்டிக்குச் சினை வயிறு இறங்கியதும் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே காதில் சொன்னாள்: "கூச்சம் வேண்டாம். வள்ளு வள்ளுன்னு குரைக்கிறது வேண்டாம். காத்திருக்கிறது வேண்டாம்."

கடைசியைச் சொன்னபோது சீமாட்டி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது. பூங்கனியும் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து இன்னொரு தடவை சொன்னாள்.

ஐந்து குட்டிகள் பிறந்தன. சாந்தமான குட்டிகள். கண் திறந்த நாளில் கூச்சத்தை வாங்கிக்கொள்ள, மேடையில் ஏறினால் இறங்க மாட்டேன் என்கிற பேச்சாளர் ஒருவரை அவர் மனைவி அழைத்து வந்திருந்தார். குரைப்பை வாங்க ஒரு பஸ் கண்டக்டர் வந்திருந்தார். காத்திருப்பதை யாரும் கேட்கவில்லை. தவசிமுத்து மறுபடியும் செருப்பைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குள் நின்றார்.

அன்று சாயங்காலம் சீமாட்டி வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தபோது, ஒரு குட்டிகூடத் தலை தூக்கிப் பார்க்கவில்லை. சீமாட்டி வாசலில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உள்ளே போய்ப் படுத்துப் பால் கொடுத்தது. பூங்கனி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அரிசி வாங்கப் போனாள்.

அரிசிப் பையோடு திரும்பியபோது தவசிமுத்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போன?" என்றார்.

பூங்கனி பையைக் கீழே வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்காத கேள்வி அது. அவர்தான் போகிறவர். நாக்பூர் என்பார், கான்பூர் என்பார், எப்போது வருவேன் என்று சொல்லமாட்டார். சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதும் இல்லை. மூடிவைத்த சோறு புளித்துப்போய்க் கொட்டியது அவளுக்குத்தான் தெரியும். இவள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த சமயம்கூட, டீ இல்லையா என்றுதான் கேட்டார்.

"அரிசி வாங்கப் போனேன்" என்றாள்.

"சொல்லிட்டுப் போகலாம்ல" என்றார் அவர். அவள் உள்ளே போனதும் பின்னாலேயே வந்தார்.

மறுநாள் பூங்கனி கொத்தமல்லி வாங்கப் போனாள். வந்து வைத்துவிட்டுக் கறிவேப்பிலை வாங்கப் போனாள். அதற்கு அடுத்த நாள், தேவையே இல்லாமல் தீப்பெட்டி வாங்கப் போனாள். தீப்பெட்டி லாரி ஓட்டியவர் வீட்டில் அதற்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் தெருமுனையில் கரண்ட் கம்பத்துக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்ப்பாள். அவர் கேட்டருகே நிற்பார். ஆட்டோ சத்தம் கேட்டால் கழுத்து நீளும். அவள் வந்த ஆட்டோ இல்லையென்றால் தோள் இறங்கும். பூங்கனிக்கு அது நன்றாக இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது அந்தப் பக்கம் வந்தால், கம்பத்தில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படிப்பதுபோல நின்றுகொள்வாள். கண் பரிசோதனை முகாம் நோட்டீஸ் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

குட்டிகள் பால் மறந்ததும் அரியநாயகம் வந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். நிம்மதி என்று பெயர் வைத்தார்கள். மழை ஓய்ந்ததும் நிம்மதியைப் பால்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் கார் ஏறும்போது நிம்மதி காலை நீட்டிப் படுத்துக் கொட்டாவி விட்டது. இருவருக்கும் பரம திருப்தி.

பங்குனியில் பூங்கனியின் தங்கை மகளுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியாத கண்ணோடு அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்று தவசிமுத்து வீட்டிலேயே இருந்துகொண்டார். பெண்ணழைப்பு, முகூர்த்தம், மறுவீடு என்று பூங்கனி இழுத்துக்கொண்டே போனாள். அவர் நிற்பார் என்று தெரிந்தேதான் இழுத்தாள்.

திரும்பி வந்து ஆட்டோவிலிருந்து இறங்கியபோது செல்லக்கிளி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். "மாத்தி மாத்திப் பிடிக்கோம் மதினி. வெயிலுக்கும் நகர மாட்டேங்காக. சோத்தைக் கையில குடுத்தா தட்டைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டையே பாக்காக."

தவசிமுத்துவின் உதடு வெடித்திருந்தது. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. அவளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு அவள் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த இடத்தில் அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

பூங்கனி கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையைப் பிடித்தபடி நின்றாள். கண் பரிசோதனை முகாம் நோட்டீஸ் ஞாபகம் வந்தது. கம்பத்துக்குப் பின்னால் நின்று அதை இனி ஒருபோதும் படிக்க முடியாது என்று தோன்றியது. அவரைத் தூக்கி நிறுத்தி, உள்ளே கூட்டிப்போய், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். இந்தக் குணத்தை அவரிடமிருந்து எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் செய்தாள். யார் தலையில் வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

வழி தானாக வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி இரண்டு வாரம் ஆனதும் அரியநாயகமும் லோகநாயகியும் வாசலில் நின்றார்கள். இருவர் முகத்திலும் களை இல்லை.

"நிம்மதி நல்லாருக்கா?" என்று கேட்டாள் பூங்கனி.

"அதுக்கென்ன, கொழுகொழுன்னு இருக்கு" என்றார் லோகநாயகி. "நாங்க கேட்டைத் திறந்தோம். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவங்களைப் பாக்கிற மாதிரி பாத்துச்சு. வழி விட்டு நகந்து படுத்துக்கிடுச்சு. போறப்ப அழக் கூடாதுன்னுதானே கேட்டோம். வர்றப்பவும் இப்படி இருக்கும்னு யாரு கண்டா?"

"தப்பு எங்க பேர்லதான்" என்றார் அரியநாயகம். "ஆனா ரெண்டு வாரமா அது முன்னாடி போறதும் வர்றதுமா இருக்கேன். வேணும்னே பெட்டியைத் தூக்கிட்டுப் போய்க்கூடப் பாத்தேன். வாலு அசையலை. மிச்சம் இருக்கிறதுல கொஞ்சம் திருப்பிக் குடுங்க. செத்துப்போற அளவுக்கு வேண்டாம். வந்தா எந்திரிச்சு நிக்கிற அளவுக்குப் போதும்."

பூங்கனிக்குப் பாரம் இறங்கியது. எல்லோருக்கும் தீர்வு ஒரே இடத்தில் இருந்தது. இருவரையும் உள்ளே உட்காரவைத்துவிட்டு, கேட்டருகே நின்ற தவசிமுத்துவிடம் போனாள்.

"ஏங்க, சாயங்காலம் இவுக வீட்டுக்குப் போய் அந்த நாய் தலையில கையை வச்சுட்டு வந்திருவோம். உங்களுக்கும் இந்தக் கஷ்டம் விட்டுரும்."

"முடியாது" என்றார் தவசிமுத்து.

"ஏன்?"

அவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சுக்கு நடுவே இரைப்பு வந்தது. நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார்.

"கஷ்டம்தான். நீ தெருமுனை திரும்பினதும் நெஞ்சுக்குள்ள கயித்தைக் கட்டி இழுக்கிற மாதிரி இருக்கு. அப்பதான் நெனச்சேன், நான் கான்பூர்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப நீ இங்க இதோடதான் இருந்திருக்க. எனக்கு அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. இதை எடுத்துட்டா திரும்பவும் தெரியாமப் போயிரும். நான் டீ இல்லையான்னு கேக்கிற ஆளாயிருவேன்."

"நீங்க நடுங்குனதை நான் பாத்தேன்ல" என்றாள் பூங்கனி. "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"அந்த நாய் நல்லதுக்குத்தான் அதுக்கிட்ட இருந்து எடுத்த." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "சீமாட்டியைக் கேட்டியா? பூந்தியைக் கேட்டியா? எதுவும் கேக்காம எங்கிட்ட வந்துச்சு. இப்ப நீ குடுங்கன்னு கேக்க. கேட்டேல்ல, அதனால முடியாதுங்கேன்."

பூங்கனி இதுவரை எத்தனையோ நாய்களிடம் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். கேட்டால் இப்படியும் ஒரு பதில் வரும் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு போய் நான்கு பேருக்கும் காபி போட்டாள். காபி கொதித்த நேரத்தில், சீமாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது நினைவுக்கு வந்தது. அதுவும் ஒரு பதில்தான். இவள் சுற்றிப் போய் மறுபடியும் சொல்லியிருந்தாள்.

காபியைக் குடித்துவிட்டு அரியநாயகம் எழுந்தார். குடுக்க மனசில்லாதவரை வற்புறுத்த முடியாது, அது ஏறவும் செய்யாது என்றார். தவசிமுத்துவுக்கு அவரைப் பார்க்க என்னவோ போல இருந்தது.

"சார், நான் வேணா வந்து உங்க வாசல்ல உக்காருதேன்" என்றார். "இவ எப்படியும் வெளிய போயிட்டுத்தான் வருவா. இங்க நிக்கிறதை அங்க நிக்கப்போறேன். உங்க வீட்லயும் ஒருத்தன் காத்திருந்த மாதிரி இருக்கும்."

அரியநாயகம் யோசித்துவிட்டு, கேட்டருகே ஒரு நாற்காலி போட்டுவைப்பதாகச் சொன்னார்.

அப்படியே நடந்தது. பூங்கனி இப்போதெல்லாம் வெளியே போனால் எங்கே, எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன நேரத்துக்கு வந்தாள். தவசிமுத்து அதுவரை அரியநாயகம் வீட்டுக் கேட்டருகே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தார். அரியநாயகமும் லோகநாயகியும் கோயிலிலிருந்தோ கடையிலிருந்தோ வந்தால் எழுந்து நின்றார். அதுவே அவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. லோகநாயகி அவருக்குக் காராச்சேவு கொண்டுவந்து கொடுத்தார்.

நிம்மதி தொடக்கத்தில் அவரைக் கண்டுகொள்ளவில்லை. அவர் காலடியில் நிழல் இருந்ததால் வந்து படுத்தது. பிறகு, இந்த ஆள் அப்படி எதைத்தான் பார்க்கிறார் என்று அதுவும் அந்தத் திசையில் பார்த்தது. அங்கே ஒன்றும் இல்லை. மறுநாளும் பார்த்தது. ஆட்டோ சத்தத்துக்கு அவர் கழுத்து நீண்டபோது அதன் கழுத்தும் நீண்டது. அதன் பரம்பரையிலிருந்து எடுத்துவிட்ட ஒன்றை, அது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தானாகச் செய்துகொண்டது.

ஒருநாள் தவசிமுத்துவுக்குக் காய்ச்சல். போகவில்லை. அரியநாயகம் பதறிக்கொண்டு வந்தார்.

"நிம்மதி காலையில இருந்து வாசல் கேட்டுப் பக்கத்துலயே நிக்குது. சாப்பிடலை. நான் போயிட்டு வந்தேன். என்னைத் தாண்டி ரோட்டைப் பாக்குது. உங்களைத்தான் தேடுது."

அவர் குரலில் குறை இல்லை. "எங்களுக்காக இல்லாட்டி என்ன? யாருக்காகவோ நிக்குதுல்ல" என்று லோகநாயகி சொன்னதாகவும் சொன்னார். தவசிமுத்து போர்வையைச் சுற்றிக்கொண்டு போனார். நிம்மதி அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து காலடியில் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு அந்த வாசலில் நாற்காலிகள் மூன்றாயின. தவசிமுத்து பூங்கனிக்காகக் காத்திருப்பார். அவர் வராத வேளைகளில் நிம்மதி அவருக்காகக் காத்திருக்கும். நிம்மதிக்குத் துணையாக அரியநாயகமும் லோகநாயகியும் உட்கார்ந்து காத்திருந்து பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களுக்கும் கைவந்தது. மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து போன் போட்டு, எப்போது வருகிறீர்கள் என்று கேட்டான். தவசிமுத்து இன்னும் வரவில்லை, வந்ததும் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

பூங்கனி அடுத்த முறை விளக்கெண்ணெயை எடுத்துக்கொண்டு சீமாட்டியிடம் போனபோது தடவவில்லை. கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டாள். திரும்பவும் ஒரு கிராஸ் போடலாமா, பூந்தி வந்து வாசலில் நிற்கிறது, உனக்குச் சம்மதமா என்று. சீமாட்டி எழுந்து வேலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. பூங்கனி பூந்தியைக் கொண்டுபோய் மிட்டாய்க் கடையில் விட்டுவிட்டு வந்தாள். குட்டி கேட்டு வாசலில் நின்றவர்களிடம் சீமாட்டி முடியாது என்று சொல்லிவிட்டாள் என்றாள். சரி, அவளுக்குத் தோன்றும்போது சொல்லச் சொல்லுங்கள் என்று அவர்கள் கலைந்து போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கும் மெர்சி என்ற பெண் வந்தாள். நாய் விஷயமா என்று பூங்கனி கேட்டாள்.

"இல்லக்கா, வீடு விஷயம். எட்டயபுரத்துல எங்கப்பா வீட்ல காத்து நல்லா வரும். ஆனா தண்ணி கிடையாது. என் மாமியார் வீட்ல தண்ணி ஓடுது, காத்து இல்லை. ரெண்டையும் கலந்து ஒரு சின்ன வீடு எடுத்துக் குடுத்தா போதும்."

"வீடுக ரெண்டுக்கும் சம்மதமா?"

"மாமியார் வீடு உடனே சரின்னுடுச்சு. எங்கப்பா வீட்டை நேரா உங்களையே பாத்துப் பேசட்டும்னு கூட்டிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. தெருமுனைக்கு வந்ததும் கூச்சப்பட்டு நின்னுக்கிடுச்சு."

பூங்கனி எட்டிப் பார்த்தாள். தெருமுனையில் ஓட்டு வீடு ஒன்று, ஜன்னல்களைப் பாதி சாத்திக்கொண்டு ஓரமாக நின்றது. ஆட்டோக்கள் அதற்கு வழிவிட்டு வளைந்து போயின. விடியுமுன்னே கிளம்பியிருக்கும், வாசல்கூடத் தெளித்திருக்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்தாள்.